நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்: நாற்றம் எங்கிருந்து வருகிறது?

வடக்குவெளி எழுதியது:

எங்கள் ஊர் காவிரிப் பாசனத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய நகராட்சி. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வடக்கே பாதாள சாக்கடைத் திட்டத்தின் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டினார்கள். திறப்பு விழாவில் கேசரி கொடுத்தார்கள், நானும் சாப்பிட்டேன். இப்போது இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் வீட்டில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பகலில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் மாவட்ட ஆட்சியருக்கு மனு தயாராகிறது. "நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்று" என்பதுதான் கோரிக்கை. செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும். கட்டிய நிலையத்தை மாற்றுவது நடக்கிற காரியமா என்பது ஒரு சந்தேகம். உண்மையிலேயே அந்த இடம்தான் நாறுகிறதா என்பது இன்னொரு சந்தேகம். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தெருமுனை எழுதியது:

எங்கள் ஊரிலும் இதே கதைதான். மனு கொடுத்தோம். மறுநாள் ஒருவர் வந்து வாசலைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார். கோலம் போட்டது போல அழகாக இருந்தது.

காற்றூதி எழுதியது:

நான் இப்படி ஒரு நிலையத்தில் ஆபரேட்டர். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வடக்குவெளி ஐயா, முதலில் ஒன்று சொல்லுங்கள். என்ன நாற்றம்? சாக்கடை நாற்றமா, அழுகிய முட்டை நாற்றமா, மழை விழுந்த மண்ணின் வாசனையா?

கேலியாகக் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் மீட்டருக்கு முன்னால் மூக்குதான் வேலை செய்யும். காற்றூட்டும் தொட்டி நலமாக இருந்தால் அதிலிருந்து ஈர மண் வாசனைதான் வரும். நிறம் நன்றாகக் காய்ச்சிய டிகாக்ஷன் போல இருக்கும். உள்ளே நடப்பதும் எளிமையான விஷயம்தான். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு அடியிலிருந்து காற்று ஊதுகிறோம். அவை தின்று பெருகித் திரள்கின்றன. அடுத்த தொட்டியில் அந்தத் திரளைப் படியவிட்டு மேலே தெளிந்த நீரை எடுத்துக்கொள்கிறோம். படிந்ததில் ஒரு பகுதியைத் திரும்பவும் முதல் தொட்டிக்கே அனுப்புகிறோம், தோசை மாவில் பழைய மாவு கொஞ்சம் சேர்ப்பது போல. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் அறிவித்த முறை இது. அதற்குப் பிறகு பெயர்கள்தான் மாறியிருக்கின்றன, பாக்டீரியா அதேதான்.

வேதிப் பரிசோதனை முடிவு வர நாளாகும். அதனால் தினமும் காலையில் தொட்டி நீரை ஒரு லிட்டர் அளவுச் சாடியில் பிடித்து அரை மணி நேரம் வைத்துவிடுவேன். கசடு எந்தக் கோடு வரை படிகிறது, மேல்நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்தால் அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். அது தொட்டிக்கு நாடி பிடிப்பது மாதிரி.

வடக்குவெளி எழுதியது:

அழுகிய முட்டையேதான். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு மதில் ஓரமாக நடந்து பார்த்தேன். பெரிய தொட்டிகள் இருக்கும் பக்கம் ஒன்றும் இல்லை. வாசலை ஒட்டி, குழாய் உள்ளே வரும் இடத்தில்தான் குமட்டியது.

காற்றூதி எழுதியது:

அப்படியானால் நாற்றம் அங்கே பிறக்கவில்லை, வந்து இறங்குகிறது.

அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. கழிவுநீர் காற்றுப்படாமல் பல மணி நேரம் தேங்கினால், அதிலிருக்கும் சல்பேட்டை வேறு வகை பாக்டீரியாக்கள் இந்த வாயுவாக மாற்றிவிடும். வீட்டிலிருந்து நிலையத்துக்குச் சில மணி நேரத்தில் வந்து சேர வேண்டிய நீர் வழியில் உட்கார்ந்துவிடுகிறது என்று பொருள்.

ஏன் உட்காருகிறது? பாதாள சாக்கடைக் குழாய்களை 30 ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் மக்கள்தொகையைக் கணக்கிட்டுப் பதிக்கிறார்கள். அது சரிதான், ஆண்டுக்கு ஒருமுறை தெருவைத் தோண்ட முடியாது. ஆனால் குழாயில் கசடு தங்காமல் இருக்க ஒரு நாளில் ஒரு வேளையாவது நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். தலைக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது வழக்கமான கணக்கு. ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல். பாதி வீடுகள் கூட இணைப்பு எடுக்காவிட்டால் பெரிய குழாயின் அடியில் ஒரு கோடு போல நீர் ஓடும். மணலும் மலமும் அங்கங்கே தங்கும். பிறகு நீரேற்று நிலையத்துக் கிணறு. பம்பு ஓடும் மட்டத்துக்குக் கிணறு நிரம்ப மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ராத்திரிச் சமையல் முடிந்து பாத்திரம் கழுவிய நீர் எல்லாம் வந்து சேர்ந்து பத்து மணிக்குப் பம்பு ஓடுகிறது என்றால், அதுவரை ஊறியதெல்லாம் மொத்தமாக நிலையத்து வாசலில் கொட்டும். கொட்டும்போது கலங்குவதால் வாயு வெளியேறும். இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து அசையாமல் கிடக்கும். நாற்றமும் எங்கும் போகாது.

நான் வேலை செய்யும் நிலையத்துக்குக் கட்டிய கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு கூட வருவதில்லை. தொடங்கும்போது பாக்டீரியாவை வளர்க்கச் சாணம் கரைத்து ஊற்றினோம். தின்னக் கொடுக்க வெல்லம் வாங்கினோம். கோடிக்கணக்கில் செலவழித்த நிலையத்துக்கு மளிகைக்கடையில் வெல்லம் வாங்கிய ரசீதைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம்! இப்போதும் இரண்டு தொட்டிகளில் ஒன்றை நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஓட்டினால் பாக்டீரியா பட்டினி கிடந்து தன்னையே தின்ன ஆரம்பிக்கும். திரள் உடைந்து தூசியாகித் தெளிந்த நீரோடு வெளியே போய்விடும்.

ஐப்பசியில் இதற்கு நேர்மாறு. தெருவில் மழைநீர் தேங்கினால் மக்கள் கடப்பாரையால் மேன்ஹோல் மூடியைத் திறந்து அதையும் சாக்கடைக்குள் விட்டுவிடுகிறார்கள். சித்திரையில் பட்டினி, ஐப்பசியில் வெள்ளம். இரண்டுக்கும் ஒரே தொட்டிதான்.

அடுக்குநந்தியாவட்டை எழுதியது:

காற்றூதி அண்ணா, எல்லாப் பழியும் கடைசியில் வீட்டுக்காரர் தலையில் வந்து விழும் என்று எனக்குத் தெரியும். இணைப்பு எடுக்காத வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. வைப்புத்தொகை கட்ட வேண்டும். மாதக் கட்டணம் தனி. கழிப்பறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது, வீட்டுக் குழாய் வந்து சேர வேண்டிய சேம்பர் என்ற தொட்டி தெருவில் இருக்கிறது. நடுவில் நடைபாதை முழுக்கத் தரை ஓட்டை உடைத்துக் குழாய் கொண்டுவர வேண்டும். கொத்தனாரும் பிளம்பரும் கேட்ட கூலி வைப்புத்தொகையை விட அதிகம். எங்கள் செப்டிக் டேங்க் பதினைந்து ஆண்டுகளாக ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. நான் ஏன் உடைக்க வேண்டும்?

ஓய்வூதியர் எழுதியது:

நான் குடிநீர், வடிகால் பணிகளிலேயே காலம் கழித்த பொறியாளன். சகோதரி கேட்பது நியாயமான கேள்வி. இதற்கு ஆலந்தூரில் ஒரு பதில் கிடைத்தது.

இன்று அது சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. 1996இல் தனி நகராட்சி. எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க், எல்லாத் தெருவிலும் அதைக் காலி செய்யும் லாரி. அப்போது நகர்மன்றத் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். பாரதி. பாதாள சாக்கடைத் திட்டத்துக்கு அரசை மட்டும் நம்பாமல் மக்களிடமே முன்பணம் கேட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடங்களுக்கு 10,000. அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் என்பது பலருக்கு ஒரு மாதச் சம்பளம். வீதிவீதியாகக் கூட்டம் போட்டார்கள். பணம் கட்டத் தவணையும் உண்டு. அதற்குப் பிறகுதான் கடன் வாங்கி ஏறத்தாழ 34 கோடி ரூபாயில் வேலையைத் தொடங்கினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் பணத்தில் கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகள் நடத்திவிட்டு ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

இதில் எல்லோரும் தனியார் முதலீட்டைப் பற்றியே கட்டுரை எழுதினார்கள். என் கணக்கில் முக்கியமானது அந்த 5,000 ரூபாய்தான். பணம் கட்டியவன் "என் இணைப்பு எங்கே" என்று அலுவலக வாசலில் வந்து நிற்பான். நாங்கள் மற்ற ஊர்களில் குழாய் பதித்து முடித்துவிட்டு, வீட்டுக்காரர்களின் கதவைத் தட்டிக் கெஞ்சினோம். சாலை போட்ட பிறகு யார் தோண்ட விடுவார்கள்? எத்தனையோ திட்ட அறிக்கைகள் தயாரித்திருக்கிறேன். தெருச் சேம்பருக்கும் வீட்டுக் கழிப்பறைக்கும் இடையே இருக்கும் முப்பது அடியை "பயனாளி பொறுப்பு" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவோம். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

அடுக்குநந்தியாவட்டை எழுதியது:

ஐயா, ஆலந்தூர் சென்னைக்குப் பக்கத்தில் இருந்த ஊர், மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த இடம். எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். குழாய் போட வீட்டுச் சொந்தக்காரர் பணம் தரமாட்டார், குடியிருப்பவருக்குப் போட உரிமை இல்லை. மீதிப் பேர் தறி ஓட்டுபவர்கள். அவர்களிடம் யார் கூட்டம் போட்டுப் பேசுவார்கள்?

ஓய்வூதியர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். வாடகை வீட்டுச் சிக்கலுக்கு என்னிடம் விடை இல்லை. அந்த முப்பது அடியையும் திட்டச் செலவிலேயே சேர்த்து, சொத்து வரியோடு சிறுகச் சிறுக வசூலித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் "டேங்க் தொல்லை கொடுக்கவில்லை" என்பதை மட்டும் நம்பாதீர்கள். பதினைந்து ஆண்டுகளாக எடுக்காத டேங்கில் பெரும்பகுதி கசடுதான் இருக்கும். மேலே வரும் நீர் தங்காமல் நேரே வடிகாலுக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்களுக்குத் தொல்லையில்லை, வடிகால் போய்ச் சேரும் வாய்க்காலுக்குத் தொல்லை.

கோரைப்புல் எழுதியது:

நான் வட கலிபோர்னியாவில் வசிக்கிறேன். பம்பு, காற்று ஊதும் புளோயர் என்று ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? பக்கத்தில் ஆர்கேட்டா என்று ஒரு சிறிய நகரம், 18,000 பேர் அளவில். 1970களில் ஹம்போல்ட் விரிகுடாவில் கழிவுநீர் விடுவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது, வட்டாரம் முழுவதற்கும் ஒரே பெரிய நிலையம் கட்டலாம் என்றார்கள். ஊர் மக்களும் அங்கிருந்த பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜார்ஜ் ஆலன், ராபர்ட் கியர்ஹார்ட் ஆகியோரும் வேறு வழி சொன்னார்கள். பழைய குப்பைமேடும் மர ஆலைகளும் கிடந்த கடலோர நிலத்தில் சதுப்பு நிலம் உருவாக்கி, குளங்களில் நின்று வரும் நீரைக் கோரை, சம்பு வழியாக மெதுவாக ஓடவிட்டார்கள். 1986 முதல் முழுமையாக இயங்குகிறது. மொத்தம் 307 ஏக்கர். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பறவை பார்க்கப் போகிறேன். கழிவுநீர் நிலையத்துக்குச் சுற்றுலா போகிறேன் என்று ஊரில் அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.

காற்றூதி எழுதியது:

அம்மா நம்பாததில் வியப்பில்லை.

ஆர்கேட்டாவைப் பற்றிப் பயிற்சியில் படித்திருக்கிறேன், பொறாமையாகவே இருந்தது. ஆனால் அங்கேயும் வாசலில் குப்பையைத் தடுக்கும் ஸ்கிரீன், மணலைப் பிரிக்கும் கிரிட் சேம்பர், கசடைப் படியவிடும் கிளாரிபையர் எல்லாம் உண்டு. சதுப்பு நிலம் அதற்குப் பிறகுதான். அடுத்தது நிலம். அவர்களுடைய ஆக்சிஜனேற்றக் குளங்கள் மட்டும் 40 ஏக்கருக்கு மேல். ஒரு லட்சம் பேருக்கு அதே கணக்கில் 200 ஏக்கருக்கு மேல் வேண்டும். எங்கள் ஊரில் 200 ஏக்கர் என்றால் நான்கு கிராமத்து நஞ்சை. எங்கள் வெயிலுக்கு அதைவிடக் குறைவாகப் போதும் என்று வாதாடலாம், அது உண்மையும் கூட. பாதியாகக் குறைத்தாலும் நூறு ஏக்கரை யார் தருவார்கள்? கோரை படர்ந்த இடத்தைப் பராமரிக்காமல் விட்டால் கொசுப் பண்ணை ஆகிவிடும் என்பது இன்னொன்று.

ஐந்தாயிரம் பேர் இருக்கும் பேரூராட்சிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. அங்கே போய் எந்திர நிலையம் கட்டுவது மின்கட்டணத்துக்கு உயில் எழுதி வைப்பது போல.

கீழ்மடை எழுதியது:

விவசாயி கேட்கிறேன். நிலையத்திலிருந்து வெளியே விடும் நீர் எங்கள் வாய்க்காலில்தான் விழுகிறது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது. நெல்லுக்குப் பாய்ச்சலாமா, கூடாதா? ஒருவர் "தரம் 30" என்கிறார், இன்னொருவர் "10" என்கிறார். என்ன முப்பது, என்ன பத்து?

காற்றூதி எழுதியது:

பி.ஓ.டி. என்ற அளவு, ஐயா. நீரில் மிச்சமிருக்கும் கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதை லிட்டருக்கு மில்லிகிராமில் சொல்வது. ஐந்து நாள் குப்பியில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். நம் பக்கத்து வெப்பத்துக்கு 27 டிகிரியில் மூன்று நாள். 2017 அக்டோபரில் மத்திய அரசு பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று அறிவித்தது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் தளர்வை ஏற்காமல் 10 என்ற கடுமையான அளவைச் சொன்னது. ஆளுக்கு ஒன்றைச் சொன்ன அந்த இருவரும் பொய் சொல்லவில்லை.

உங்களுக்கு அதைவிட முக்கியமானது கிருமி. குளோரின் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேளுங்கள். தீவனப்புல்லுக்கும் மரப்பயிருக்கும் பாய்ச்சுவது பழைய வழக்கம்தான். மதுரை அவனியாபுரத்தில் புல்பண்ணையே உண்டு. நெல்லுக்கு விடும்போது தழைச்சத்து ஏற்கெனவே நீரில் இருக்கிறது என்பதை மறந்து வழக்கம்போல யூரியா போட்டால் பயிர் கொழுத்துச் சாய்ந்துவிடும். பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்கு வேண்டாம்.

கீழ்மடை எழுதியது:

போன சம்பாவில் சாய்ந்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தெருமுனை எழுதியது:

எல்லாம் சரி. வழியில் கசடு தங்குகிறது என்றீர்களே, அதை எப்படி எடுக்கிறார்கள்? எங்கள் தெருவில் போன ஆண்டு ஓர் ஆளை இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். நான் பால் வாங்கப் போனபோது பார்த்தேன்.

காற்றூதி எழுதியது:

அது குற்றம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உயர்த்தியது. அழுத்தத்தோடு நீரைப் பீய்ச்சும் ஜெட்டிங் வண்டியும் உறிஞ்சு வண்டியும் வைத்துத்தான் அடைப்பு எடுக்க வேண்டும்.

மேலே நான் சொன்ன அதே வாயுதான் ஆளையும் கொல்கிறது. கொஞ்சம் இருந்தால் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆகும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "உள்ளே வாடை இல்லை, இறங்கலாம்" என்று சொன்னவர்கள் இறந்திருக்கிறார்கள். முதலில் இறங்கியவரைக் காப்பாற்றக் குதித்த இரண்டாமவர், மூன்றாமவர் என்றுதான் செய்தி வரும். தம்பி, அடுத்த முறை பார்த்தால் பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போடுங்கள்.

வடக்குவெளி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மனுவில் கையெழுத்திடவில்லை. சங்கத்தில் நான்கு பேர் அனுமதி வாங்கி நிலையத்துக்குள் போனோம். ஆபரேட்டர் பையன் சின்ன வயது, யாரும் வந்து பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு வால்வாகக் காட்டினான். காற்றூட்டும் தொட்டியின் மேல் நடைபாதையில் நின்றபோது உண்மையிலேயே மண் வாசனைதான். எங்கள் பொருளாளர் மூக்கில் கட்டிய துண்டை எடுத்துவிட்டார்.

வாசல் கிணற்றருகே மட்டும் நிற்க முடியவில்லை. "நாள் முழுக்க வந்தாலும் இப்படி அழுகியே வருகிறது, எனக்கும் காரணம் தெரியவில்லை" என்றான். குறைந்த நீர்தான் காரணமா? எங்கள் பகுதியில் பெரும்பாலோர் இணைப்பு எடுத்துவிட்டார்களே?

காற்றூதி எழுதியது:

எடுத்தவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கழிப்பறையிலிருந்து நேராகவா, செப்டிக் டேங்கின் வெளிக்குழாயிலிருந்தா?

தரையை உடைக்க மனமில்லாத வீடுகளில், டேங்க் வெளியே விடும் குழாயை அப்படியே தெருச் சேம்பரில் சொருகிவிடுகிறார்கள். பிளம்பருக்கு அரை நாள் வேலை. ஆனால் டேங்கில் நாள்கணக்கில் ஊறி அழுகிய பிறகுதான் நீர் வெளியே வரும். சல்பைடு வீட்டிலேயே தயார். பாக்டீரியாவின் சாப்பாடு டேங்கிலேயே தங்கிவிடும், அழுகல் மட்டும் எங்களுக்கு வந்து சேரும். வெல்லம் வாங்கினேன் என்றேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடக்குவெளி எழுதியது:

எங்கள் வீட்டு பிளம்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டேங்கிலிருந்துதான் சார், நீங்கள்தானே தரையை உடைக்கக் கூடாது என்றீர்கள்" என்றார். சங்கத்தில் விசாரித்ததில் எங்கள் தெருவின் இருபத்திரண்டு இணைப்புகளில் மூன்றுதான் நேரடி. செயலாளர் வீடு அந்த மூன்றில் இல்லை.

தை பிறந்ததும் தரையை உடைக்கிறேன். மனைவியிடம் சொல்லிவிட்டேன், பதில் வரவில்லை. டேங்கை என்ன செய்வது? குழாய்க்கு எவ்வளவு சாய்வு?

அடுக்குநந்தியாவட்டை எழுதியது:

உடைத்த பிறகு மொத்தச் செலவு எவ்வளவு ஆனது என்று மறைக்காமல் எழுதுங்கள் அண்ணா. அதைப் பார்த்துவிட்டு நான் முடிவு செய்கிறேன்.

காற்றூதி எழுதியது:

முதலில் 14420 என்ற கழிவுநீர் உதவி எண்ணுக்கு அழைத்து உரிமம் பெற்ற வண்டியை வரச்சொல்லி டேங்கைக் காலி செய்யுங்கள். ஆளை இறக்க விடாதீர்கள். பிறகு அடியில் ஓட்டை போட்டு மணல் நிரப்பி மூடிவிடலாம். நான்கு அங்குலக் குழாய் என்றால் ஏறத்தாழ அறுபது அடிக்கு ஓர் அடி சாய்வு. வளைவு வரும் இடத்தில் எல்போ என்ற வளைந்த இணைப்பைப் போடாமல் சிறிய சேம்பர் கட்டச் சொல்லுங்கள், அடைத்தால் அங்கிருந்து குத்திவிடலாம். மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாயை அதே சேம்பரில் சேர்த்துவிடட்டுமா என்று பிளம்பர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வடக்குவெளி எழுதியது:

கேட்டுவிட்டார். இன்று காலையிலேயே.